தேருக்குப் பூத்தூவ நான் ட்ரோன் பழகியது

முதலில் ஒரு மன்னிப்பு. எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்கப்புறம் அதிகமாக எழுதியது பாசாருக்குக் காய்கறி வாங்கக் கொண்டுபோகும் சாமான் சீட்டுதான். மறதியும் சேர்ந்துகொண்டது. எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்பது அங்கங்கே மாறியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போவது, அறுபத்தொன்பது வயதில் நான் ட்ரோன் ஓட்டப் பழகிய கதை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிட்டால் எனக்கும் கூச்சம் குறையும்.

அந்தச் சாமான் என் மகனுடையது. வாங்கிய வாரத்தில் இரண்டு தடவை பறக்கவிட்டான். மூன்றாவது தடவைக்குள் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். பெட்டி, ஈப்போ பக்கம் புந்தோங்கில் எங்கள் வீட்டு அலமாரிக்கு மேலே உட்கார்ந்துகொண்டது. வாரத்துக்கு ஒரு தடவை நான் தூசி தட்டுவேன். எனக்கும் ட்ரோனுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். அப்படியே இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

அதைக் கீழே இறக்க வைத்தவர் என் கொழுந்தனார். என் வீட்டுக்காரருக்குத் தம்பி. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தலைவர். தோட்டம் என்று இன்னும் சொல்கிறோமே தவிர, அங்கே ரப்பர் மரம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துப் பல வருசம் ஆகிறது. கோயிலும் அதற்கு முன்னால் இருக்கிற பாடாங்கும்தான் மிச்சம். பாடாங்கில் ஒரு காலத்தில் பந்து விளையாடினார்கள், இப்போது மாடு மேய்கிறது. திருவிழா அன்றைக்கு மட்டும் ஈப்போவிலிருந்தும் சிலிம் ரிவரிலிருந்தும் பாகான் செராயிலிருந்தும் பழைய ஆட்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்துவிடுவார்கள். நானூறு பேர், ஐந்நூறு பேர் என்பார்கள். யாரும் எண்ணியதில்லை. சாப்பாடு எந்த நேரத்தில் தீர்ந்தது என்பதை வைத்துச் சொல்கிற கணக்கு அது.

போன வருசத் திருவிழா நோட்டீசில் கொழுந்தனார் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார். தேர் கிளம்பும்போது நவீன முறையில் வானிலிருந்து மலர் தூவப்படும் என்று. அச்சடித்து எல்லா ஊருக்கும் அனுப்பிய பிறகுதான் என் மகனுக்குப் போன் போட்டிருக்கிறார். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார். அலமாரிக்கு மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணி, பேசாம நீங்களே ஓட்டிருங்க."

"நானா தம்பி?"

"போன் மாதிரிதான் லா. நீங்க போன்ல நாடகம் பாக்கல?"

"பாக்குறேன். அது பறக்காதே."

"இதுவும் அப்படித்தான். கைய வச்சா போவும், எடுத்தா நிக்கும். கண்டவன்லாம் விடுறான். அம்மனுக்குச் செய்யிறது அண்ணி. வேணாம்னு மட்டும் சொல்லிராதீங்க."

வேணாம் என்று சொல்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே இல்லை என்பது அவருக்குத் தெரியும். நான் ரப்பர் மரத்தில் பால்வெட்டிய காலத்தில், தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி வந்து, இன்றைக்கு ஆள் குறைச்சல், பக்கத்து நிரை மரங்களையும் சேர்த்து வெட்டிவிடுகிறாயா என்று கேட்பார். மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். நான் தலையாட்டுவேன். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோதும் தலையைத்தான் ஆட்டினேன். அது நல்லபடியாக அமைந்துவிட்டதால் பழக்கத்தைத் திருத்திக்கொள்ள வாய்ப்பில்லாமல் போனது.

அன்றைக்கும் தலை ஆடிவிட்டது. கொழுந்தனார் எழுந்து போய்விட்டார்.

திருவிழாவுக்கு ஐந்து வாரம் இருந்தது. பெட்டியை இறக்கித் திறந்து பார்த்தேன். அரைக் கிலோ மீன் கனம் இருக்கும். நாலு மூலையிலும் விசிறி. விசிறியின் ஓரத்தை விரலால் தடவினேன். இது கூட்டத்துக்கு மேலே போகப்போகிறது, கீழே பிள்ளைகள் நிற்கும், ஓட்டுவது நான். அந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததும் பெட்டியை மூடிவிட்டேன். யார் தலையிலும் இது விழுந்துவிடக்கூடாது. அன்றிலிருந்து எனக்கு அந்த ஒரு கவலைதான். கோயில் கமிட்டிக்கு வேறு கவலை: பூ ரோஜாவா, சாமந்தியா.

பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்ச் சொன்னேன். அக்கா கிறிஸ்தவர். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் தள்ளிப்போகிற வேலை பார்த்து ஓய்வெடுத்தவர். என்னைவிட நாலு வயசு மூப்பு. கார் ஓட்டுவார், இங்கிலீஷ் வாசிப்பார், யார் முகத்துக்கு நேராகவும் எதையும் சொல்லிவிடுவார். எனக்கு இந்த மூன்றும் கிடையாது.

"உங்க சாமிக்குப் பூ போட எத்தன பேரு இருக்காங்க, ஒன்னையா புடிச்சாரு?"

"தலையாட்டிட்டேன் அக்கா."

"அந்தத் தலையக் கழட்டி வச்சுட்டு வெளிய போன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்?" என்றார். ஆனால் மறுநாளே பெட்டியில் இருந்த சின்னப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்க் கண்ணாடி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வீட்டு வாசலில் பழகலாம் என்று நான் நினைத்திருந்தேன். கூடாதாம். ஈப்போ விமான நிலையம் அப்படியொன்றும் தூரத்தில் இல்லை. விமானம் ஏறி இறங்குகிற இடத்துக்கு அக்கம்பக்கத்தில் அனுமதி இல்லாமல் விடக்கூடாது என்று போட்டிருந்ததாம். அது இல்லாவிட்டாலும் எங்கள் தெருவில் மின்கம்பி, மோட்டார் சைக்கிள், துணிக்கொடி, எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்று. ஆகவே அக்காவின் காரில் அரைமணி நேரம் போய்த் தோட்டத்துப் பாடாங்கிலேயே பழகுவது என்று முடிவானது. வார நாளில் அங்கே ஒரு ஆளும் இருக்காது. காலை எட்டு மணிக்குக் காற்றும் எழுந்திருக்காது.

முதல் நாள் நான் செய்த வேலையை எழுத வெட்கமாக இருக்கிறது. புது மோட்டார் சைக்கிளோ காரோ வந்தால் என்ன செய்வோம்? பூஜை போடுவோம். அதைத்தான் செய்தேன். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்குக் கீழே வைத்து நசுக்க வேண்டும். இதற்குச் சக்கரம் இல்லை. ஆகவே நாலு விசிறிக்கும் நேராகத் தரையில் ஒவ்வொன்று வைத்துவிட்டு, ஏறும்போது பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். சந்தனம் குங்குமம் கொண்டுபோயிருந்தேன். முன்பக்கம் ஒரு பொட்டு. புரட்டிப் பார்த்தேன். வயிற்றில் சின்னச் சின்னதாய்க் கண்ணாடி வட்டங்கள் இருந்தன. பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல் இருந்தது. ஒவ்வொன்றிலும் அழகாக வைத்தேன்.

அக்கா தள்ளி நின்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பக்கத்திலும் சொல்லி வைத்தோம்.

ஏறியது. சத்தம் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி. என் தலைக்குமேல் ஒரு ஆள் உயரத்துக்குப் போய் நின்றது. போதும், இறக்கலாம் என்று ஓட்டுகிற கருவியின் இடது கை கம்பியைக் கீழே இழுத்தேன். இறங்கவில்லை. இன்னும் இழுத்தேன். கொஞ்சம் இறங்கி, எதையோ மிதித்துவிட்டது போல் மறுபடி மேலே துள்ளியது. பிறகு பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது.

"எறக்கு!"

"எறங்க மாட்டேங்குது அக்கா!"

"சொல்லு அதுகிட்ட!"

"நீங்க சொல்லுங்க, நீங்கதான் இங்கிலீஷ் பேசுவீங்க!"

இருபது நிமிசம் அதன் பின்னாலேயே நடந்தோம். எங்களைப் பார்த்து மாடுகள் ஒதுங்கின. கடைசியில் பேட்டரி வடிந்துபோய் அதுவே லாலான் புல்லுக்குள் உட்கார்ந்தது. அக்கா புத்தகத்தைப் புரட்டினார். வயிற்றில் இருக்கிற கண்ணாடிகள்தான் அதற்குக் கீழ்ப்பார்வையாம். தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதை வைத்துத்தான் பார்க்குமாம். சுத்தமாகத் துடைத்து வைக்கச் சொல்லிப் படமே போட்டிருந்தது.

"கண்ணு தொறக்கறதுக்குச் சாமிக்குச் சடங்கு வப்பீங்களே. நீ கண்ண மூடுற சடங்கு வச்சிருக்க," என்றார் அக்கா.

முந்தானையால் துடைக்கப் போனேன். அதுவும் கூடாதாம், கீறிவிடுமாம். மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்தேன். அன்றிலிருந்து பொட்டு, பெட்டிக்கு மட்டும்.

அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் பழகினேன். தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டு நடக்கும். எல்லாரும் வரிசையில் நிற்க, பேர் கூப்பிட்டு, வந்த ஆளை அடையாளம் போட்டுத்தான் வேலைக்கு அனுப்புவார்கள். எனக்குத் தெரிந்த ஒழுங்கு அது ஒன்றுதான். ஆகவே ட்ரோனுக்கும் பெரட்டு வைத்தேன். நான் கூப்பிடுவேன், அக்கா தொட்டுப் பார்த்துப் பதில் சொல்வார்.

"விசிறி நாலு?"

"இருக்கு. வெடிப்பு இல்ல."

"பேட்டரி?"

"ரெம்பியிருக்கு. உப்பல."

"வயித்துக் கண்ணு?"

"பொட்டு இல்ல."

"காத்து?"

அக்கா செம்பனை ஓலை நுனியைப் பார்ப்பார். நுனி மட்டும் லேசாக ஆடினால் விடலாம். ஓலையே திரும்பினால் அன்றைக்கு வீட்டுக்கு. பட்டை ஈரமாக இருந்தால் பால்வெட்டு இல்லை என்று திரும்பிய கை இது, வந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்புவதில் எனக்குக் கஷ்டம் இருந்ததில்லை.

"வீடு?"

இது முக்கியம். கிளம்பிய இடத்தைத்தான் அது வீடு என்று மனசில் வைத்துக்கொள்ளும். வானத்தில் இருக்கிற செயற்கைக்கோளைப் பிடித்து இடத்தைக் குறித்துக்கொண்டேன் என்று, கருவியில் மாட்டியிருக்கிற போனில் சொல்லும் வரைக்கும் கிளப்பக்கூடாது. அவசரப்பட்டால், தொடர்பு அறுந்துபோகிற நேரத்தில் எங்கே திரும்புவது என்று அதற்குத் தெரியாது. திரும்பி வருகிற உயரத்தையும் முன்கூட்டியே செம்பனைக்கு மேலே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நேராக மரத்தில் வந்து மோதும்.

"அக்கா?"

"இங்கதான் நிக்கிறேன், எங்க போறேன்?"

அக்காவின் வேலை அண்ணாந்து பார்ப்பது. நான் போனைக் குனிந்து பார்த்தால் வானத்தைப் பார்க்க முடியாது. ஒருத்தர் கண் எப்போதும் அதன் மேலேயே இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு விடவே கூடாது. நானூறு அடிக்கு மேலே ஏற்றக்கூடாது என்றும் இருந்தது. நான் நாற்பது அடி தாண்டியதில்லை, ஆகவே அந்தச் சட்டத்தை மீறுகிற பயம் இல்லை.

முதல் வாரம் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றுவது, நிறுத்துவது, இறக்குவது. இவ்வளவுதான். இரண்டாவது வாரம் சதுரமாகப் போய்வருவது. அதன் முதுகு என் பக்கம் இருக்கிற வரைக்கும் சுலபம். முகம் என் பக்கம் திரும்பிவிட்டால் இடது வலதாகும், வலது இடதாகும். எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு வகிடு எடுக்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன், பிடிபட்டது. ஒருநாள் பருந்து ஒன்று வட்டம் போட்டுக்கொண்டு நெருங்கியது. அது இருக்கிற ஊரில் நாம் விருந்தாளி என்று உடனே இறக்கினேன். பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுவேன். மூன்றாவது வாரம் முடியும்போது, ஒரு பழைய பெயிண்ட் டின் மூடியைத் தரையில் போட்டு அதன்மேல் இறக்க வந்துவிட்டது. அக்கா கைதட்டினார். எனக்கே என்னைப் பிடித்திருந்தது. அந்த வயசில் அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

அன்றைக்குத்தான் அக்கா புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்கு வந்து சேர்ந்தார். காரில் ரொட்டி தின்றுகொண்டே வாசித்தவர், மெல்லுவதை நிறுத்தினார்.

"தங்கச்சி, இதப் பாரு."

படம். கீழே குட்டி குட்டியாய் மனிதர்கள், மேலே ட்ரோன், குறுக்கே சிவப்புக் கோடு. கூட்டத்துக்கு மேலே பறக்கவிடாதே. அடுத்த படத்தில் ட்ரோனிலிருந்து ஏதோ விழுகிறது. அதற்கும் சிவப்புக் கோடு. எதையும் கட்டாதே, போடாதே.

இதை முதல் பக்கத்தில் போட்டிருக்கலாம். ஐந்து வாரத்தில் மூன்று வாரம், செய்யக்கூடாத ஒரு வேலையைப் பத்திரமாகச் செய்ய நான் கஷ்டப்பட்டுப் படித்திருக்கிறேன்.

"சொல்லிரு," என்றார் அக்கா.

"சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன் அக்கா."

முதல் தடவை போனில் சொல்லப் பார்த்தேன். "தம்பி, அந்தப் பூ விசயம்…" என்றேன். "பூ ரெடி அண்ணி, கேமரன் மலையிலேர்ந்து வருது!" என்று அரைமணி நேரம் பூவைப் பற்றிப் பேசினார். இரண்டாவது தடவை கோயிலில் நேரிலேயே. "கூட்டத்துக்கு மேல விடக்கூடாதாம் தம்பி" என்று முழுசாகச் சொல்லிவிட்டேன். "அது வெள்ளக்காரன் கம்பெனிக்காரன் பயத்துக்குப் போடுறது லா. நம்ம அம்மன் இருக்கா," என்றார். அம்மன் இல்லை என்று நான் சொல்ல முடியுமா? தலை ஆடியது.

"நான் போயி நாலு வார்த்த கேக்குறேன்," என்றார் அக்கா.

"வேணாம் அக்கா. கோயில் விசயத்துல வேற மதத்துக்காரங்க பேசினாங்கன்னு அது வேற எடத்துக்குப் போயிரும்."

"ஒனக்கு வேணாம்னு சொல்ல வருதே! எங்கிட்ட மட்டும் வருது!"

நாலாவது வாரம் கொழுந்தனார் போனில் ஏதோ பார்த்துத் தானே செய்த கூடையைக் கொண்டுவந்து கொடுத்தார். கேக் வைக்கிற பிளாஸ்டிக் கிண்ணம், நாலு கயிறு. ட்ரோனுக்குக் கீழே தொங்கவிட்டு, மேலே போய்ச் சட்டென்று ஒரு திருப்புத் திருப்பினால் கிண்ணம் சாய்ந்து பூ கொட்டுமாம். ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம், சரியாக வந்தால் வரட்டும் என்று எனக்கும் ஒரு சபலம். பாடாங்கில் கோயில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பரப்பி, அதுதான் ஜனங்கள் என்று வைத்துக்கொண்டோம். உதிரிப் பூ போட்டுக் கிளப்பினேன்.

கிண்ணம் ஊஞ்சல் ஆடியது. அது இந்தப் பக்கம் இழுக்க ட்ரோன் அந்தப் பக்கம் சாய்ந்தது. நான் பழகிய ட்ரோன் இல்லை அது. வயிற்றுக் கண்ணுக்குக் கீழே கிண்ணமே ஆடிக்கொண்டிருந்ததால் அதுதான் தரை என்று நினைத்ததோ என்னவோ, துள்ளித் துள்ளி விலகிப் போனது. நாற்காலிகளைத் தாண்டி, கோயில் அடுப்படிக்குப் பக்கத்தில் நின்ற பப்பாளி மரத்தில் போய் இடித்து விழுந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தோம். ட்ரோனில் இரண்டு விசிறி ஒடிந்திருந்தது. மாற்று விசிறி பெட்டியில் உண்டு, அது பெரிசில்லை. மரத்தில் தொங்கிய பச்சைப் பப்பாளியில் ஒரு கீறல். சாய்வாக, ஒரே சீராக. அதிலிருந்து வெள்ளையாகப் பால் இறங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருசம் மரம் கீறினவள் நான், வெட்டு எப்படி என்று பார்த்தவுடனே தெரியும். ஆழம் அளவாக இருந்தது, தோல் சிதறவில்லை. கிராணி பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார்.

அக்கா பப்பாளிக்குப் பக்கத்தில் போய் நின்று, கையைத் தன் தலைக்கு மேலே உயர்த்தினார். கீறல் அவர் விரல் நுனிக்குச் சரியாக இருந்தது. தேர் கிளம்பும்போது அப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அம்மன் முகம் தெரிய வேண்டும் என்று. அந்த உயரம்.

"ஆஸ்பத்திரியில நான் எவ்வளவோ பாத்திருக்கேன். இத நான் பாக்க வேணாம்," என்றார்.

திருவிழா அன்றைக்குக் காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. நல்ல கூட்டம். அக்கா கோயில் வேலிக்கு வெளியே தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். நான் பெட்டியோடு பாடாங் ஓரத்தில் ஒரு மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். அதுவரைக்கும் என்னை யாரும் பார்த்ததில்லை. எந்த விசேசத்திலும் நான் இருப்பது வெங்காயம் உரிக்கிற பக்கம். அன்றைக்கு எல்லார் போனும் என் பக்கம் திரும்பியிருந்தது. உறுமி அடிக்க ஆரம்பித்தார்கள். தேரைச் சுற்றி நெருக்கம். எனக்கு நேர் எதிரே, மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண்குழந்தை அப்பன் தோளில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. பூ பிடிப்பதற்காம்.

கொழுந்தனார் மைக்கோடு என் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, கீழ ஆளு இருக்கு," என்றேன்.

அவர் மைக்கில், "அண்ணி ரெடின்னு சொல்றாங்க!" என்றார். கூட்டம் கைதட்டியது.

"தம்பி, விட மாட்டேன்."

"இன்னும் ரெண்டே நிமிசத்துல விடுறாங்க!"

வாயால் சொன்னால் இவர் மைக்கில் வேறாக வரும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ட்ரோனை எடுத்தேன். பேட்டரியைக் கழற்றினேன். கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். என் வாழ்நாளில் நான் போட்ட பெரிய சத்தம் அந்த ஜிப் சத்தம்தான்.

கொழுந்தனார் மைக்கை அணைத்தார்.

"அண்ணி, என்ன இது? நோட்டீஸ்ல போட்டாச்சு லா!"

"நோட்டீஸ திருப்பி அடிச்சிக்கலாம் தம்பி. தலைய திருப்பி அடிக்க முடியாது."

"அஞ்சு வாரம் பழகினேன்னு சொன்னீங்க?"

"பழகினதாலதான் சொல்றேன். தேர சுத்தி ஆள ஒதுக்குங்க, இப்பவே விடுறேன்."

"ஆள ஒதுக்கிட்டா தேர யாரு இழுக்கிறது?"

"அதான்," என்றேன். பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அவர் என்னையும் பையையும் மாறிமாறிப் பார்த்தார். அண்ணி கையிலிருந்து பிடுங்குவதற்கு அவருக்கும் கூச்சம். மைக்கைத் திறந்து, தொழில்நுட்பக் கோளாறு என்று அறிவித்தார். அந்தக் கோளாறு நான்தான். பிறகு பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஜெனரேட்டர் லாரியின் மேலே ஏறிவிட்டார். அறுபது வயசுக்கு நன்றாகத்தான் ஏறினார். கை கையாக அள்ளி வீசினார். தேர் நகர்ந்தது. மஞ்சள் சட்டைக் குழந்தையின் தலையில் நாலைந்து சாமந்தி விழுந்தது. ஒன்றை எடுத்துத் தின்னப் பார்த்தது, அப்பன் பிடுங்கினான். லாரிமேல் நின்ற கொழுந்தனாரைத்தான் எல்லாரும் படம் பிடித்தார்கள். அந்தப் படம் இப்போது அவர் வீட்டுக் கூடத்தில் பெரிசாக மாட்டியிருக்கிறது.

சாப்பாட்டுப் பந்தியில் என் காதுபடவே பேசினார்கள். "பாவம், கடைசி நேரத்துல பயந்துட்டாங்க." "பொம்பளைங்ககிட்ட குடுத்தா அப்படித்தான்." "வயசாச்சுல்ல." நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன். டின் மூடிமேல் இறக்கத் தெரிந்தவள் என்று எழுந்து சொல்லவா முடியும்? நான் ஓட்டியதைப் பார்த்த சாட்சி, மாடுகளும் அக்காவும்தான். அக்கா பந்திக்கு வரவில்லை. காரில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார். ஏறியதும், "அஞ்சு வாரம் அண்ணாந்து பாத்து என் கழுத்து போச்சு. ஒத்த பூகூட போடலையா?" என்றார். பிறகு வண்டியைக் கிளப்பாமலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போதும் மாதத்தில் இரண்டு மூன்று காலை நாங்கள் போகிறோம். பெரட்டு எடுக்கிறோம், பறக்கவிடுகிறோம், வருகிறோம். அதற்கு ஒரு காரணமும் இல்லை, அதனால்தானோ என்னவோ நன்றாக இருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். போன வாரம் கொழுந்தனார் வந்தார். மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவர், தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். இந்த வருசம் வெளியிலிருந்து ஆள் பேசியிருக்கிறாராம். பெரிய ட்ரோன், இரண்டு, பெரிய கூடை. "நீங்க பயப்படாம ஒக்காந்து பாருங்க அண்ணி," என்றார்.

"கூட்டத்துக்கு மேல வேணாம் தம்பி," என்றேன். இந்தத் தடவை தலை ஆடவில்லை, வாய்தான் சொன்னது.

"அதெல்லாம் அவங்களுக்குத் தெரியும் லா."

தெரியுமா, தெரியாதா என்று எனக்குத் தெரியாது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோயில் கமிட்டிக் கூட்டம். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அத்தனை ஆம்பளைகள் நடுவில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால்தான் இதை எழுதினேன். எழுதியதை மேசையில் வைத்துவிடலாம். அவர்களில் ஒருத்தர் வாசித்தால் போதும்.

ஆனால் ஒரு எண் தப்பாக இருந்தால்கூட அதையே பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிவிடுவார்கள், எனக்குத் தெரியும். ஆகவே, விவரம் தெரிந்த யாராவது இதைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். நானூறு அடி சரியா, விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், கூட்டத்துக்கு மேலே விட நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, எந்த ஆபீசில் அனுமதி கேட்க வேண்டும், பூ போடுவதற்குத் தனியாக ஏதாவது இருக்கிறதா. நான் தப்பாக எழுதியிருந்தால் அடித்துவிட்டுச் சரியானதை மேலே எழுதுங்கள். எழுத்துப் பிழையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் போதும்.